பௌர்ணமிக்கு மறுநாள் போட்ட ஊசி

முதியோருக்கான ஃப்ளூ தடுப்பூசி முகாமின் முதல் நாள். பேனரில் பாதி இடம் எங்கள் அதிகாரியின் முகம். முகாம் எதற்கு என்பது கீழே பொடி எழுத்தில். மதியம் வரை வந்தவர் ஒரே பெரியவர்தான். அவரும் பென்ஷன் ஆபீஸுக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பௌர்ணமி. திருவண்ணாமலை நிரம்பும், முகாமும் நிரம்பும் என்பது அதிகாரியின் கணக்கு. மலையைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் ஜுரம் வரும் என்று பயந்து முந்தின நாள் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று ரிப்போர்ட் எழுதினார். அடுத்த முகாமையும் பௌர்ணமிக்கு முந்தின நாளே வைத்தார்.

வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பது என் வேலை. எனக்குப் பெரிய கவலை செங்கம் ரோட்டில் பூ விற்கும் குப்பம்மாள்தான். எழுபது தாண்டியவர், வீசிங் வேறு. போன மழையில் ஃப்ளூ வந்து ஆக்சிஜன் வைத்துப் பிழைத்தவர். இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மழை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் போகும்போதெல்லாம், பௌர்ணமிக்கு மலை சுற்றி முடித்துவிட்டு வருகிறேன் என்பார்.

கால் வலி ஊசி என்று சொல்லிப் போட்டுவிடலாம் என்றாள் கூட வேலை செய்கிறவள். அப்படி ஒரு தரம் ஏமாற்றினால் அடுத்த தரம் எந்த வீட்டிலும் கதவே திறக்க மாட்டார்கள் என்று அவளைத் திட்டினேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் வீட்டுக்கே போய்ப் போடலாம் என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"பௌர்ணமி டூட்டி பாத்த ஸ்டாஃபுக்கு ரெஸ்ட் வேணாமா?"

"நடந்தது கிழவிங்க சார். நாம சேர்ல உக்காந்திருந்தோம்."

அவர் ஃபேனைப் பார்த்தார். பிறகு, "என்னமோ பண்ணு. பிரச்சனைன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

பௌர்ணமிக்கு மறுநாள் நர்ஸோடு போனேன். குப்பம்மாள் வாசலில் காலை நீட்டித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது கால் வலிக்கு இல்ல ஆயா. போன மழைக்கு உன்ன ஆஸ்பத்திரில படுக்க வெச்சுதே, அந்த ஜுரத்துக்கு. கை வலிக்கும், ஒடம்பு லேசா காயும்."

"அடுத்த பௌர்ணமிக்குள்ள சரியாயிடுமா?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அப்ப போடு. நான் கெளம்பற நேரமா பாத்து வந்து நின்னுட்டு, எனக்குப் புத்தி இல்லன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. இன்னிக்கி வர்றதுக்கு இத்தினி நாளா இன்னா கேடு உங்களுக்கு?"

ஊசி போட்டதும் எதிர்வீட்டுக்காரிக்கும் அவரே குரல் கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆபீஸ் காலண்டரைக் கழற்றி வையுங்கள். யாருக்கு ஊசி போடப் போகிறீர்களோ, அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதைப் பாருங்கள்.

அடுத்த பேனரில் 'அதிகாரியின் புதுமை முயற்சி' என்று போட்டார்கள். முகம் இன்னும் பெரிதாகியிருந்தது. மழைக்காலப் பௌர்ணமியில் குப்பம்மாள் மூச்சிரைக்காமல் அதைத் தாண்டி நடந்து போனார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.