மைத்துனரின் படகுக்கு ஒரு சாஜர்

என் மனைவி இறந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவளுடைய தம்பி அதுவரை ஞாயிறுதோறும் வந்து, விறாந்தையில் அரை மணி நேரம் இருந்து, அதிகம் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு அவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அத்தான், போட்டின்ரை பற்றரிக்கு எந்தச் சாஜர் வாங்கிறது?"

அந்த ஐந்து மாதங்களில், எனக்கு விடை தெரிந்திருக்கக்கூடிய கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கதிரையைக் காட்டி, இருக்கச் சொன்னேன்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் மின்னியல் கற்பித்தவன். நல்லூர்ச் சைவக் குடும்பத்தவன். அவள் குருநகரின் கத்தோலிக்கக் கடற்றொழிற் குடும்பத்திலிருந்து வந்தவள். அவளுடைய வீட்டாரும் நானும் பேசிக்கொண்டவை பெரும்பாலும் அவள் வழியாகவே போய் வந்தன. ஆகவே மைத்துனர் அன்று சொன்னவற்றை நான் முதன்முறையாக நேரடியாகக் கேட்டேன்.

அவருடைய பலநாட் படகு மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். அதை இயக்கும் ஸ்ராட்டருக்கு இருபத்துநான்கு வோல்ற் வேண்டும்; அதற்காகப் பன்னிரண்டு வோல்ற் பற்றரிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருந்தார்கள். இடம் போதாததால் ஒன்று மேற்தட்டிலும் மற்றது கீழ்த்தட்டிலும் இருந்தன. முந்திய பயணத்தில், டீசலைச் சேமிக்க, வலையை விட்டபின் வழக்கம்போல எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். விடிய அது இயங்கவில்லை. ஏழு மணி நேரம் படகு வடக்கே இழுபட்டது. வேறொரு படகு பற்றரி கொண்டுவந்து கொடுத்திராவிட்டால் கடல் எல்லையைத் தாண்டியிருக்கும். தாண்டினால் படகும் ஆட்களும் அந்தப் பக்கத்துச் சிறையில்தான்.

"அதுக்குப் பிறகு நான் கடலிலை எஞ்சினை நிப்பாட்டிறேல்லை. வலையை விட்டிட்டும் ஓடிக்கொண்டுதான் நிக்கும். டீசல் எல்லாம் புகையாப் போகுது. பெடியளிலை ரெண்டு பேர் வரமாட்டம் எண்டிட்டாங்கள். வித்துப்போடச் சொல்லி உங்கடை தங்கச்சி நெடுகச் சண்டை. தெற்கிலை ஒருத்தன் கேட்டுக்கொண்டும் நிக்கிறான்."

'உங்கடை தங்கச்சி' என்றது தன் மனைவியை. அக்கா போன பின்னும் அந்த முறையை அவர் மாற்றவில்லை.

மாரிக்கு முன் முடிவு சொல்வதாக வாங்க வந்தவரிடம் கூறியிருந்தாராம். எஞ்சினை நம்பி நிறுத்த முடிந்தால் தொழில், முடியாவிட்டால் விற்பனை.

மறுநாள் இருவரும் யாழ் நகரில் ஒரு கடைக்குப் போனோம். மைத்துனரின் கண் நேரே பெரிய சாஜர் ஒன்றில் விழுந்தது. பஸ் கராச்சுகளில் சில்லு பூட்டி உருட்டித் திரிவார்களே, அந்த வகை. ஊசி ஆடும், தேன்கூடுபோல இரையும்.

"இதெண்டால் ஒரு மணித்தியாலத்திலை ஏத்திப்போடும்," என்றார் கடைக்காரர்.

"ஏத்தும். பற்றரியை அவிச்சும் போடும்," என்றேன்.

கடைக்காரர் மைத்துனரைப் பார்த்து, "உங்கடை அத்தான் வாத்தியாரோ?" என்று கேட்டார்.

நான் கணக்குப் போட்டேன். பற்றரியின் கொள்ளளவில் பத்திலொரு பங்கு அளவு மின்னோட்டம் போதும். இருநூறு அம்பியர்-மணிக்கு இருபது அம்பியர். முதலில் வேகமாகவும் பிறகு அடங்கியும் ஏற்ற வேண்டும். நிறைந்தபின், கரையில் வாரக்கணக்கில் நின்றாலும், காயப்படுத்தாமல் நிலையைக் காக்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலை ஓடும் நேரங்களில் துறைமுகத்து மின்சாரம் தாழும்; அதையும் தாங்க வேண்டும். உப்புக் காற்று உள்ளே புகக்கூடாது. இவை எல்லாம் பொருந்திய இருபத்துநான்கு வோல்ற் தானியங்கிச் சாஜர் ஒன்றைத் தேர்ந்தேன். நிறைந்தவுடன் பச்சை விளக்கு எரியும். பூட்டிய அன்று அது எரிந்தது. நான் திருப்தியுடன் வீடு திரும்பினேன்.

இரண்டு வாரத்தின் பின், இறங்குதுறையில் கட்டியிருந்தபடியே, எஞ்சின் இயங்க மறுத்தது. நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மைத்துனர் எஞ்சினின் திறப்பைச் சாவித்துளையில் போட்டுத் திருப்பினார். 'டக்' என்றது, அவ்வளவுதான்.

"சேரின்ரை சாமான் நல்லா வேலை செய்யுது. எஞ்சின்தான் படிக்கேல்லை," என்றார் படகின் மூத்த தொழிலாளி. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை; சிரிப்புக்கு நான் தகுதியானவன்தான்.

மைத்துனர் சிரிக்கவில்லை. "தெற்குக்காரனுக்கு ஓமெண்டு சொல்லப்போறன், அத்தான்," என்றார்.

"இண்டைக்குச் சொல்லாதையும். எனக்கு இந்த ஒரு நாளைத் தாரும்," என்றேன்.

பற்றரிகளைத் திறந்து பார்க்கக் குனிந்தபோது மூத்தவர் விளக்கம் தந்தார்.

"மேலை இருக்கிறவன் குடிகாரன், சேர். கிழமைக்கு ஒருக்கால் தண்ணி விடவேணும். கீழை இருக்கிறவன் நல்ல பிள்ளை. ஒண்டும் கேக்கமாட்டான்."

மீற்றரை எடுத்தேன். சாஜரை அணைத்து மறுபடி போட்டு, அது ஏற்றிக்கொண்டிருக்க அளந்தேன்: மேற்பற்றரி பதினைந்தேகால் வோல்ற் காட்டியது, கீழ்ப்பற்றரி பதின்மூன்றரை. கூட்டினால் ஏறத்தாழ இருபத்தெட்டே முக்கால்; நிறைந்த இரு பற்றரிகளுக்கு உரிய தொகைதான். சாஜர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது கூட்டுத்தொகை மட்டுமே. அளவுக்கு மிஞ்சிப் பெற்ற பற்றரி நீரைக் கொதிக்கவிட்டுத் தண்ணீர் கேட்டது. நாங்கள் அதைப் பழுது என்றோம். பட்டினி கிடந்தது எதுவும் கேட்கவில்லை. அதை நல்ல பிள்ளை என்றோம்.

மீற்றரின் முனைகளைக் கீழ்ப்பற்றரியில் மறுபடி வைத்தேன்; அதே பதின்மூன்றரை. என் மனைவி எதையும் கேட்பவள் அல்ல. கடைசி வருடத்தில் அவளுடைய மருத்துவ அறிக்கைகள் அனைத்தையும் நான் வாசித்தேன். இலக்கங்களைக் கட்டம்போட்டு எழுதினேன். வைத்தியர்களுடன் தகுந்த சொற்களில் கதைத்தேன். எங்கே நோகிறது என்று அவளிடம் கேட்டது குறைவு. இதைவிட அதிகமாக இதைப்பற்றி எழுத எனக்கு இயலாது.

நிமிர்ந்து, படகில் இருந்தவர்களிடம் முதன்முறையாகக் கேட்டேன்: "கீழ்ப் பற்றரியிலையிருந்து வேறை என்னென்ன எடுக்கிறியள்?"

"வயலெஸ்," என்றார் ஒருவர். "அதுக்குப் பன்ரெண்டுதானே வேணும்."

"ஜீபீஎஸ்."

"போன் சாஜ் பண்ணிறது."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை, சேர்."

சுக்கான் அறைக்குள் மாதாவின் படத்துக்கு முன்னால் ஒரு நீலப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயில் நேரம்.

"உது?"

"உது மாதாவுக்கு."

"மாதாவுக்குத்தான். எங்கையிருந்து எரியுது?"

"கீழை இருந்துதான்."

"கரையிலை நிக்கேக்கை ஆர் நிப்பாட்டிறது?"

"மாதாவை ஆர், சேர், நிப்பாட்டிறது?" என்றார் மூத்தவர். அதைச் செலவு என்று அவர்களில் எவரும் எண்ணியதே இல்லை. இரவும் பகலும், வாரம் முழுவதும், ஒற்றைப் பற்றரியிலிருந்து. மின்சிக்கனப் பல்பு ஒன்று மாற்றலாம் என்றேன். இது எரிந்துபோகட்டும், பிறகு பார்ப்போம் என்றார்கள். நான் வற்புறுத்தவில்லை. விளக்கு அணையாதிருப்பதை ஏற்றுக்கொண்டுதான் சாஜரைத் தேர்ந்திருக்க வேண்டும். நானோ எஞ்சினுக்குத் தேர்ந்தேன், படகுக்குத் தேரவில்லை.

தேவைப்பட்டது இருவழிச் சாஜர்: பன்னிரண்டு வோல்ற் இரண்டு, ஒவ்வொரு பற்றரிக்கும் தனித்தனியாக. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த இரண்டு வழிகளுக்கும் உள்ளே எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. கறுப்புக் கம்பிகள் உள்ளே ஒன்றாக இணைந்திருந்தால், தொடுத்த பற்றரிகளில் கொழுவியவுடன் ஒரு பற்றரியின் இரு முனைகளும் நேரே இணைந்து தீப்பற்றும். கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"எது தனித்தனி?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்ல சாமான்தான், வாத்தியார்."

நான் மீற்றரால் கறுப்புக் கம்பி இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். முதலாவது பெட்டியில் மீற்றர் 'பீப்' என்றது, உள்ளே தொடர்பு இருக்கிறது என்று; இரண்டாவதிலும். மூன்றாவது பேசவில்லை. அதை எடுத்துக்கொண்டோம்.

"என்ன, பேசாததைக் கொண்டு போறியள்!" என்றார் கடைக்காரர். மைத்துனர் அன்றுதான் சிரித்தார்.

பூட்டுவதற்கு முன், கீழ்ப்பற்றரியைக் கழற்றி, தனியே இரண்டு நாட்கள் மெதுவாக ஏற்றினேன். இரண்டு நாட்களும் மயிலிட்டிக்குப் போனேன். பற்றரியின் ஒவ்வொரு அறையிலும் அமிலத்தின் அடர்த்தியை அளந்து குறித்தேன். இரண்டாம் நாள் பிற்பகல் அடர்த்திமானியின் மிதவை ஏற வேண்டிய கோட்டுக்கு ஏறியது. மூத்தவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "நல்ல பிள்ளைக்கு இப்பதான் பசி தெரிஞ்சிருக்கு," என்றார்.

அடுத்த மூன்று வாரமும் படகு கரையிலேயே நின்றது. வயலெஸ் கதைத்தது, பல்பு எரிந்தது, இரண்டு பற்றரிகளும் ஒரே இலக்கத்தைக் காட்டின. தண்ணீரும் குறையவில்லை. பிறகு ஒரு காலை மைத்துனர், "வாருங்கோ அத்தான், ஒருக்கால் வெளியிலை போய்ப் பாப்பம்," என்றார். அவளைத் திருமணம் செய்து நாற்பது வருடங்களில் நான் அவர்களுடைய படகொன்றில் கடலுக்குப் போனதில்லை.

கரை ஒரு மெல்லிய கோடாகும் தூரத்தில் சிறு வலையொன்றை விட்டார்கள். மைத்துனர் சுக்கான் அறையில் வெகுநேரம் நின்றார். கை எஞ்சினை நிறுத்தும் கம்பியில் இருந்தது; இழுக்கவில்லை. சொல்லக்கூடிய இலக்கங்களை எல்லாம் நான் சொல்லி முடித்திருந்தேன். பிறகு இழுத்தார்.

எஞ்சின் ஓய்ந்ததும் பலகைகளில் நீர் மோதும் ஓசை கேட்டது. சோறும் மீன்குழம்பும் பகிர்ந்தார்கள். வலை இரண்டு மணி நேரம் கிடந்தது. வலையை ஏற்றிய பின் மைத்துனர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத் திறப்பைத் திருப்பினார். முதற் சுற்றிலேயே பிடித்தது.

"ஆண்டவரே!" என்றார் மூத்தவர். "புத்தகம் படிச்ச எஞ்சின்!"

மைத்துனர் தொலைபேசியை எடுத்துத் தன் மனைவியை அழைத்தார். எஞ்சின் இரைச்சலில் கத்த வேண்டியிருந்தது. "அவனுக்கு வேண்டாமெண்டு சொல்லப்போறன். ஓம், வேண்டாம். வியாழக்கிழமை வெளிக்கிடுறம். ஓம், அத்தான் பக்கத்திலைதான். சாப்பிட்டவர், சாப்பிட்டவர்."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கரைக்குத் திருப்பட்டோ, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் நிப்பமோ?"

வீட்டுக்குப் போய் நான் செய்ய வேண்டியது என்று எதுவும் இருக்கவில்லை. ஆனால் அதனால் மட்டும் அந்த விடையைச் சொல்லவில்லை.

"நிப்பம்," என்றேன்.

அவர் மறுபடியும் கம்பியை இழுத்தார். இம்முறை யோசிக்கவில்லை.