அமெரிக்கா அனுப்பி வைத்தது

அமெரிக்கா மக்தலேனாவின் வாழ்க்கைக்குள் மூன்று முறை தலையிட்டிருக்கிறது. ஒரு முறைகூட அவளிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை. சொல்லிக்கொண்டு போகவும் இல்லை. பர்மாவின் யாங்கோன் நகரில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் தகரக் கூரை வீட்டில் குடியிருக்கும் ஒருத்தியிடம் அத்தனை பெரிய தேசத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கோபத்தில் அல்ல, மலைப்பில்.

முதல் முறை நடந்தது 2003இல். அப்போதுதான் அவளுக்கும் அகஸ்டினுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அகஸ்டின் படகுத்துறையில் டிக்கெட் கிழித்தான். அவள் ஷ்வேப்யிதா புறநகரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். சட்டைகளெல்லாம் கப்பலேறி அமெரிக்கா போயின. நாட்டை ஆண்டுகொண்டிருந்த தளபதிகளுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று, இங்கிருந்து எந்தச் சரக்கும் வாங்குவதில்லை எனச் சட்டம் போட்டது அமெரிக்கா. தளபதிகளின் சட்டையில் ஒரு பொத்தான்கூடத் தெறிக்கவில்லை. மக்தலேனாவின் தையல் இயந்திரம்தான் நின்றது. எல்லா இயந்திரங்களும் நின்ற பிறகு அந்தக் கூடத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டதாம். அத்தனை காலமும் அங்கே மின்விசிறிக்குச் சத்தம் உண்டென்று யாருக்கும் தெரியாது.

"நம்ம மேல கோவமே இல்லாம நம்ம வேலைய புடுங்கிட்டாங்க, பாத்தீங்களா," என்றாள் அன்று கணவனிடம். எவ்வளவு நீளமான கை அது என்றுதான் அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது. ஓங்கியது யாரையோ, விழுந்தது இவள் மேல். அடித்தவனுக்கு இவள் முகம்கூடத் தெரியாது.

பிறகு காலம் மாறியது. தடைகள் தளர்ந்தன, உதவி வரத் தொடங்கியது. அது இரண்டாவது முறை. ஷ்வேப்யிதாவில் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு அறை எடுத்து ஆள் தேடியபோது, சேர்ந்தவர்களில் மக்தலேனாவும் ஒருத்தி. அவள் வேலை லேசான வேலை போலத் தெரியும். நோயாளி மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆறு மாதம் விடாமல் பார்க்க வேண்டும். இருமல் நின்றதும் நோய் போய்விட்டது என்று எல்லோருக்கும் தோன்றும். சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மாத்திரைக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் அது கேட்காது. அதனால் அவள் வராதவர்களைத் தேடிப் போவாள், கெஞ்சுவாள், திட்டுவாள். "முழுங்கிட்டியா? எங்க, நாக்கத் தூக்கு," என்பாள் தாடிக்காரர்களிடமும்.

மாத்திரை வந்த பையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருந்தது. அமெரிக்க மக்கள் தந்தது என்று பர்மிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மக்தலேனா அதை அப்படியே நம்பினாள். ஞாயிறுதோறும் கோயிலில் பூசை முடிந்ததும் அமெரிக்க மக்களுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"அம்புட்டுப் பெரிய நாட்டுக்கும் ஒத்த மெழுகுவர்த்தியா? கட்டுப்படியாகாதே," என்று கேலி செய்வான் அகஸ்டின். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

மூன்றாவது முறை 2025 தொடக்கத்தில். அமெரிக்காவில் புது ஜனாதிபதி வந்தார். வெளிநாடுகளுக்குப் போகும் உதவியெல்லாம் நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். சில நாள்களில் ஷ்வேப்யிதா அறைக்குப் பூட்டு விழுந்தது. மேற்பார்வையாளர் தொலைபேசியில், "ஆன்ட்டி, இனிமே வர வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதார். அவருக்கும் அன்றோடு வேலை போயிருந்தது.

மக்தலேனா படகுத்துறைப் பக்கம் பருப்பு வடை சுட்டு விற்கத் தொடங்கினாள். ஆனால் மனம் வடையில் இல்லை. அமெரிக்கா நிறுத்திவிட்டதென்றால் அவள் பார்த்துக்கொண்ட நோயாளிகள் மாத்திரைக்கு எங்கே போவார்கள்? தாங்க முடியாமல் ஒரு நாள் ஷ்வேப்யிதா அரசு சுகாதார நிலையத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஃபக்ருன்னிசா நன்றாகத் தமிழ் பேசுகிறவள்.

"மாத்திரை எப்ப நின்னுச்சுமா?" என்று கேட்டாள் மக்தலேனா.

"நிக்கவே இல்லையே. அலமாரி நெறையா இருக்கு. யாருமே வாங்க வரலையேன்னு நானே குழம்பிப் போயிருக்கேன்."

"அது அமெரிக்கா மாத்திரை இல்லையா?"

ஃபக்ருன்னிசா சிரித்துவிட்டாள். "பைதான் அவங்களுது, ஆன்ட்டி. மாத்திரை எப்பவும் நம்ம கிடங்குலேருந்துதான் போச்சு."

"அப்ப அமெரிக்கா குடுத்தது எதை?"

"உங்களத்தான். உங்க சம்பளம், பஸ் காசு, அந்த ரூமு வாடகை. முழுங்கினாங்களான்னு பாக்க ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆள அவங்க அனுப்பிச்சாங்க."

மக்தலேனா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முன்பின் பார்த்திராத மனிதர்கள், கடலுக்கு அப்பாலிருந்து, க்யிம்யிண்டைங் மக்தலேனாவை ஷ்வேப்யிதாவுக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியாது, அவளுக்கும் தெரியாது. காலர் தைத்தவளை வீட்டுக்கு அனுப்பியதும் அதே கைதான். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பையை நம்பியவள் அவள் மட்டுமல்லவே. அமெரிக்கா நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்ட அத்தனை பேரும் மாத்திரையே நின்றுவிட்டதாக நினைத்திருப்பார்கள். சொல்வதற்கு ஆள் இல்லை. சொல்லும் ஆளைத்தான் நிறுத்திவிட்டார்களே.

காலையில் வடை விற்ற காசில் பஸ் ஏறி ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தாள். ரேவதி மட்டும் அகப்படவில்லை. ரேவதிக்கு இருபது வயது; தையல் தொழிற்சாலையில் வேலை. தமிழ் புரியும், பேச வாயெடுத்தால் பாதி பர்மியமாகத்தான் வரும். வியாதி தெரிந்தால் தொழிற்சாலையும் வைத்துக்கொள்ளாது, விடுதியும் வைத்துக்கொள்ளாது என்ற பயத்தில் தொலைபேசி எண்ணையே மாற்றியிருந்தாள். கடைசியில் மக்தலேனா மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். கூட்டத்தோடு வெளியே வந்த ரேவதி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் பூசிய தனகா மரச்சாந்தையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். மக்தலேனா சுற்றுமுற்றும் பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் மரச் சட்டத்தின் மேல் தண்ணீர்ப் பானைகள் இருந்தன. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு யாராவது புண்ணியத்துக்கு வைத்த பானை இருக்கும். யாரும் குடிக்கலாம், யாரோடும் நிற்கலாம், ஏன் என்று எவரும் கேட்க மாட்டார்கள். அவள் போய் ஒரு குவளை மொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ரேவதி பக்கத்தில் வந்து நின்று பானை மூடியைத் திறந்தாள்.

"நின்னு போச்சுன்னு சொன்னாங்க, ஆன்ட்டி," என்றாள் பர்மியம் கலந்து, பானைக்குள் பார்த்துக்கொண்டே. "ரூமுல கடைசியா குடுத்தது தீந்துரக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் சாப்புடுறேன்." இடுப்பில் சுற்றிய லோஞ்சியின் மடிப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு மாத்திரையும் பாதியாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய தூளைக்கூட அவள் வீணாக்கவில்லை; தனியாக மடித்து வைத்திருந்தாள்.

மக்தலேனா அந்தப் பாதிகளை விரலால் எண்ணிப் பார்த்தாள். பாதி மாத்திரை கிருமியைக் கொல்லாது, அதற்குப் பாடம்தான் சொல்லிக் கொடுக்கும். ஆனால் இந்தப் பெண் நிறுத்தவில்லையே. உலகமே கைவிட்டதாக நினைத்துக்கொண்டும், தன்னந்தனியாக, பிளேடால் வெட்டி வெட்டி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். திட்ட வாய் வரவில்லை.

"மாத்திரை நிக்கலம்மா. நாந்தான் நின்னுட்டேன்," என்றாள். "சாயந்தரம் சளி குடுக்க என்கூட வா."

பரிசோதனை முடிவு வரும்வரை மக்தலேனா சுட்ட வடையில் உப்பு சரியாக விழவில்லை. கிருமி பழகிப்போயிருந்தால் ரேவதிக்கு இன்னொரு நீண்ட வைத்தியம், வேறு மாத்திரைகள், வேலையும் போய்விடும். பிழைப்பாளா என்பதே சந்தேகம். அகஸ்டின்கூடக் கேலியை நிறுத்தியிருந்தான். முடிவு வந்த அன்று ஃபக்ருன்னிசா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். கிருமி பழகவில்லை, பழைய மாத்திரையே கேட்கும். மருத்துவர் இன்னும் சில மாதங்கள் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறும் மக்தலேனா மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"இன்னும் அவங்களுக்கா?" என்றான் அகஸ்டின். "அவங்கதான் நிறுத்திட்டாங்களே."

"நிறுத்தினதும் அவங்களுக்குத் தெரியாது, குடுத்ததும் தெரியாதுங்க. நமக்காச்சும் தெரிஞ்சிருக்கட்டுமே."

அதன் பிறகு வேலை நாளெல்லாம் மதியம் பானையடியில்தான் வைத்தியம். ரேவதி குவளை மொள்வாள், மாத்திரையை வாயில் போடுவாள், சொல்லாமலே நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். பார்க்கிறவர்களுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கும் இரண்டு பெண்கள்.

கடைசி மாத்திரை அன்று வாசலில் நல்ல கூட்டம். ரேவதி விழுங்கினாள், நாக்கைக் காட்டினாள், பிறகு குவளையை வைத்துவிட்டு மண்ணிலேயே மண்டியிட்டுக் கைகூப்பி மூன்று முறை நெற்றி தரையில் பட வணங்கினாள். இந்த ஊரில் பெற்றவர்களுக்கும் குருவுக்கும் செய்கிற வணக்கம் அது. கூட வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு நின்றுவிட்டார்கள்.

"ஏந்திரிம்மா. எல்லாரும் பாக்குறாங்க. என்னான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும், ஆன்ட்டி. எனக்குக் காசநோய் இருந்துச்சு, இவங்கதான் மாத்திரை குடுத்தாங்கன்னு சொல்றேன்." அதைப் பர்மியத்தில் உரக்கவே சொன்னாள். பிறகு தன் அரைகுறைத் தமிழுக்குத் திரும்பினாள். "அமெரிக்கா நின்னுச்சு. நீங்க நிக்கல."

மக்தலேனா அவளைத் தூக்கி நிறுத்தி, நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒல்லியான பெண் ஒருத்தி, வாயைத் துணியால் பொத்தி இருமிவிட்டு, மெதுவாகப் பானையடிக்கு வந்து ஒரு குவளை தண்ணீர் மொண்டாள். மொண்டவள் குடிக்காமல் மக்தலேனாவின் பக்கத்திலேயே நின்றாள்.