விழுவதற்கு முன்பே முறிந்த எலும்பு

வெள்ளிக்கிழமைகளில் சுபஹு தொழுததும் எலும்புத் தேய்வு மாத்திரையைக் குடிப்பேன். டாக்டர் ஒருமுறை எழுதித் தந்ததையே பல வருஷமாக மாத்தளை ஃபார்மசியில் வாங்கினேன். திரும்பக் காட்டப் போகவேயில்லை. சோம்பல்தான், வேறென்ன? தொழுகையில் தரையில் நெற்றி வைத்த சுஜூதிலிருந்து எழும்பும்போது தொடை வலித்தது. வயசாகிவிட்டது என்று தைலம் பூசினேன்.

ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றபோது சும்மா திரும்பினேன். தொடை எலும்பு 'டக்' என்று முறிந்தது. அதற்குப் பிறகுதான் விழுந்தேன்.

"எங்க வழுக்கினீங்க உம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரைய ரொம்ப வருஷம் குடிச்சா அபூர்வமா சிலருக்கு இப்படி முறியும். வலி வந்ததுமே காட்டியிருக்கணும். மற்றத் தொடையும் வலிக்குதா?"

"வலிக்குது" என்றேன்.

இப்போது கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். நான் வழுக்கிவிடக் கூடாதென்று மகள் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் தரையைப் பற்றிப் பயமில்லை.