நாமக்கோழியைக் கடித்த சாமி

2003-ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு கண்மாயில் இது நடந்தது.

மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, அப்பாவின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பியிருந்தேன். அதே பத்திரிகைக்குப் பகுதிநேரமாகச் செய்தியும் படமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். மதுரையில் என் முக்கிய வேலை, படங்களுக்குக் கீழே இரண்டு வரிக் குறிப்பு எழுதுவது. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் மேல் எனக்கும் ஒரு பிடிப்பு உண்டு.

அந்தக் கண்மாயை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் ஊர்ச் சாக்கடை வந்து விழும். கரை முழுக்கச் சீமைக்கருவேலம். உள்ளே ஓரமாகச் சிலர் வாழை போட்டிருந்தார்கள். ஆனால் மழை பெய்து தண்ணீர் நின்றால் பறவைகள் வந்துவிடும். நீர்க்காகம், முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, அப்புறம் நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பாக, நெற்றியில் மட்டும் வெள்ளையாக நாமம் போட்டதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு நான்கு படம் எடுத்தால் போதும் என்று போனேன்.

முதல் நாளே கரை ஓரத்தில் இறகுக் குவியலைப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு நாமக்கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் கால் திருகியிருந்தது. யாரோ வேட்டையாடுகிறார்கள் என்று எனக்கு உடனே பட்டது. வேறு காரணம் இருக்கலாம் என்ற எண்ணமே வரவில்லை.

கரையை ஒட்டிய டீக்கடையில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சு அமைதியாகிவிட்டது. கேமரா ஸ்டாண்டை எல்லோரும் ஒரு பார்வை பார்த்தார்கள். வாழை போட்டிருந்த ஒருவர் என் பக்கம் திரும்பாமலே கடைக்காரரிடம் கேட்டார்.

“என்னண்ணே, ஸ்டாண்டு போட்டுக் கண்மாய அளக்குறாகளாமே?”

“அளந்தா அளக்கட்டும். உள்ள வாழை வச்சவன்தானப்பா பயப்படணும்? நீ எதுக்கு நெளியுற?” என்றார் கடைக்காரர். பெஞ்சு சிரித்தது.

நான் சர்வேயர் இல்லை, பறவைகளைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

“பறவையவா? இந்தச் சாக்கடைக்குள்ளயா?” என்றார் இன்னொருவர். “நல்லாச் சொன்னாக போ.”

அதன் பிறகு நான் எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் எட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கு என்மேல் சந்தேகம். எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் சந்தேகம்.

அவர்களில் ஒருவர்மேல் மட்டும் அது நாளுக்கு நாள் பலப்பட்டது. நாற்பது வயதிருக்கும். கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு மாலை போட்டவர். விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் வந்து கண்மாயில் குளிப்பார். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கையில் ஒரு வெறும் உரச்சாக்கு இருக்கும். திரும்பும்போது அதில் ஏதோ இருக்கும். என் கேமராவைப் பார்த்துவிட்டால் போதும், கருவேலம் புதருக்குள் போய்விடுவார். இரண்டாம் நாளும் அப்படித்தான், மூன்றாம் நாளும் அப்படித்தான். தப்பு செய்யாதவர் ஏன் ஒளிய வேண்டும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அவருக்கு முன்பே போய், ஸ்டாண்டை விரிக்காமல், புதருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். குளித்து முடித்தவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கோரைப் பக்கம் போனார். குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு நாமக்கோழி. கறி விற்பவர்கள் பிடிப்பதுபோல் இரண்டு இறக்கையையும் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அதை வாயருகே கொண்டுபோய்க் கடித்தார்.

நான் மூன்று முறை கேமராவை அழுத்தினேன். ரோல் முடிந்துவிட்டது. கேமரா சத்தத்தில் பறவைகள் எழும்ப, அவர் திரும்பிப் பார்க்க, நான் கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே தலைப்பு வந்துவிட்டது. ‘கழுத்தில் மாலை, கையில் கொலை.’ சைக்கிளை நிறுத்தி நோட்டில் எழுதிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், செத்துக் கிடந்த பறவைகளை நினைத்து வந்த கோபத்தைவிட, அந்தத் தலைப்பு அமைந்த சந்தோஷம்தான் அதிகம்.

சின்னமனூர் ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவி, நல்லதாக ஒன்றைத் தேர்ந்து இரண்டு பிரிண்ட் போடச் சொன்னேன். முதல் பிரிண்டையும் செய்தியையும் உறையில் போட்டு, மதியம் மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தேன். அப்போது எங்கள் செய்தியெல்லாம் அப்படித்தான் போகும். அங்கே பஸ் நிலையத்தில் அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். உறையில் அந்த மனிதரின் பெயர் இல்லை. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

சாயங்காலம் இரண்டாவது பிரிண்டையும் பிலிமையும் வாங்கத் திரும்பி வந்தபோது ஸ்டுடியோக்காரர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது நம்ம டெய்லர் சாமியில்ல? பாருங்க, தண்ணிக்குள்ள நின்னாலும் பழக்கம் போகல பாருங்க.”

“என்ன பழக்கம்?”

“நூல வாயால கடிக்கிறதுதான். மேசை மேல ரெண்டு கத்தரி கிடக்கும். எடுக்க மாட்டாக. என் சட்டைக்குப் பட்டன் தச்சாலும் கடைசியில ஒரு கடிதான்.”

நெகட்டிவ் பார்க்கும் லென்ஸைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினார். பறவையின் காலிலிருந்து அவர் பல்லுக்கு ஓர் இழை போயிருந்தது. மெல்லிய நைலான் இழை, காலை வெளிச்சம் பட்டு மினுங்கியது. அதன் மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது. ஒன்பது ஆண்டு படம் பார்த்தவன் நான். அந்த இழையைப் பார்க்கவில்லை.

அப்போதும் எனக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவர் என்பதால் இவர் மூடி மறைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன். இரண்டு தெரு தள்ளி, ஒற்றைத் தையல் மெஷின் போட்ட சின்னக் கடை. என்னைப் பார்த்ததும் அவர் கால் மெஷினில் நின்றுவிட்டது. நான் படத்தை மேசைமேல் வைத்தேன்.

“இத யார்ட்ட குடுத்தீக சாமி?”

மாலை போட்டவர்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படியே கூப்பிட்டார். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன் என்றேன்.

“அப்ப நீங்க அவுக வச்ச ஆளு இல்லையா?”

பிறகுதான் விஷயம் வந்தது. அந்த ஆண்டு கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை வெளியூர்க்காரர் ஒருவர் ஏலம் எடுத்திருந்தார். அவருடைய ஆட்கள் நைலான் வலையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முங்கி எழும் பறவைகள் அதில் மாட்டிக்கொள்ளும். செத்ததை அவர்கள் கரையில் வீசுவார்கள். உயிரோடு மாட்டியதை இவர் குளிக்க வரும்போது இழையை அறுத்துப் பறக்க விடுவார். அறுத்த வலையைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அடுப்பில் எரித்துவிடுவார். வலையை அறுப்பவனைக் கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன் என்று ஏலக்காரரின் ஆள் டீக்கடையில் சவால் விட்டிருந்தார். மறுநாளே நான் ஸ்டாண்டோடு போய் நின்றிருக்கிறேன்.

“கத்தரி கொண்டுபோயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“கத்தரியோட புடிச்சா, அறுக்கத்தான் வந்தேன்னு ஆயிரும்ல? குளிக்க வந்தவன்ட்ட என்ன இருக்கும், பல்லுதான் இருக்கும்.”

நான் தப்பாக எழுதிவிட்டேன், உடனே மாற்றுகிறேன், பறவைகளைக் காப்பாற்றுகிறவர் என்று அதே படத்தைப் போடச் சொல்கிறேன் என்றேன். பெரிய பரிகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

“நல்லவன்னு போட்டாலும் வலைய அறுத்தவன்னுதான சாமி வரும்? அவுக அடிச்சு என் கையி போச்சுன்னா நான் எதை வச்சுத் தைக்கிறது? இந்த மூஞ்சி வரவே கூடாது.”

மணி ஐந்தே கால். பஸ் மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அவரும் பின்னால் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். மூன்று முறை எங்கேஜ்டு. நான்காவது முறை என் பழைய நண்பர் எடுத்தார்.

“தலைப்பு பிரமாதம்யா. மூணாம் பக்கத்துல பெரிசா வச்சாச்சு.”

“எடுத்துரு. அது தப்பு.”

“படம் தெளிவாத்தான இருக்கு?”

“படம் சரி. கீழ எழுதினதுதான் தப்பு.”

அவர் திட்டினார். பக்கம் முடிகிற நேரத்தில் இடத்தை எதை வைத்து நிரப்புவது என்றார். கடைசியில் பார்க்கிறேன் என்றார். எடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. வெளியே வந்து டெய்லரிடம், நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“பிலிமக் குடுங்க.”

கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெகட்டிவில் கறுப்புக் கோழி வெள்ளையாக இருந்தது, கறுப்பு வேட்டியும் வெள்ளையாக இருந்தது. கடைக்குப் போய்க் கத்தரியை எடுத்து அந்த மூன்று படங்களையும் பொடிப்பொடியாக நறுக்கினார். என் கையில் இருந்த பிரிண்டையும் வாங்கி நறுக்கினார். அன்றைக்குத்தான் அவர் கத்தரியால் வெட்டி நான் பார்த்தேன்.

மறுநாள் காலை பேப்பர் கட்டு வந்து இறங்கும்போது நான் பஸ் நிலையத்தில் நின்றேன். மூன்றாம் பக்கத்தில் ஏதோ ஒரு திராட்சைத் தோட்டத்தின் படம் இருந்தது. மூச்சு விட்டு நிமிர்ந்தால், எதிர்ப்பக்கம் டெய்லர் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஒரு பேப்பர் வாங்கியிருந்தார். விளம்பரத்தைக்கூட விடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். அடுத்த இரண்டு நாளும் அதே இடத்தில் அதே பேப்பரோடு அவரைப் பார்த்தேன். என் வார்த்தையை அவர் ஏன் நம்ப வேண்டும்?

அலுவலகத்தில் இருந்த பிரிண்டை நண்பர் திருப்பி அனுப்பினார், கிழித்துவிட்டேன். இப்போது அந்தப் படம் எங்கும் இல்லை. ‘கழுத்தில் மாலை, கையில் கொலை’ என்ற வரி மட்டும் என் கையெழுத்தில் பழைய நோட்டில் இருக்கிறது. வேறொருவர் முகத்துக்குக் கீழே ஏதாவது எழுத உட்காரும் நாளிலெல்லாம், முதலில் அதை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு, படத்தில் இருப்பவரிடமே நேரில் கேட்கக் கிளம்புகிறேன்.