மலைப் பக்கம் இழுத்த கார்

நைனா வாங்கிய முதல் கார் நாலாவது கையாக எங்களிடம் வந்தது. வெள்ளை நிறம். பின்பக்கக் கண்ணாடியில் யாரோ ஒட்டிய குழந்தைப் படம் பாதி கிழிந்து, கன்னம் மட்டும் மிச்சமிருந்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில்தான் எங்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவனுக்குக் கார் எதற்கு என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை திருத்தணி மலைக்குப் போக என்று நைனா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு மூன்று. வண்டி வந்த நாளிலிருந்து முன் சீட்டு என்னுடையது. அம்மா தம்பியோடு பின்னால் உட்காருவாள். விடியற்காலையில் கிளம்பினால் இரண்டு பக்கமும் வயல்களின் மேல் பனி படுத்திருக்கும். ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டால் பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக இருக்கும். அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே திருத்தணி மலை இடது கைப் பக்கம் தெரியும். அடிவாரம் பனியில் மறைந்து கோபுரம் மட்டும் ஆகாயத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கார் மெல்ல, மிக மெல்ல, இடது பக்கமாக நகரும். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல இருக்கும் எனக்கு.

நைனா அதைக் கண்டுபிடித்தது ஒரு கிருத்திகை அன்று. மலை தெரிந்ததும் பழக்கத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கார் தானாக மலைப் பக்கம் திரும்பியது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. அதன் பிறகு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. நேர்ச் சாலைக்கு அழைத்துப் போய்க் கைகளைத் தூக்கிக் காட்டுவார். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் கையை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமிதான் பிடித்துக்கொண்டிருக்கிறாரே.

அம்மா மட்டும் ஒருமுறை கேட்டாள். "வரும்போதும் இந்தப் பக்கந்தாங்க இழுக்குது. மலை அப்ப அந்தப் பக்கமில்ல இருக்குது?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் பதில் சொல்கிறவள் அத்தை. நைனாவின் அக்கா. அம்மையார்குப்பத்தில் நெசவுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நேர்த்திக்கடன் விஷயத்தில் அவள் சொல்வதுதான் சட்டம். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "வரும்போது சுருட்டப்பள்ளி இந்தப் பக்கம் இருக்குது இல்ல? போகும்போது புள்ள இழுக்கிறாரு, வரும்போது அப்பன் இழுக்கிறாரு." முருகனையும் சிவனையும் ஒன்றாகச் சாட்சிக்கு இழுத்த பிறகு அம்மா என்ன பேச முடியும்?

கிளம்புவதற்கு முன் வண்டிக்குப் பூஜை நடக்கும். டயருக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைப்பது என் வேலை. ஒரு கிருத்திகை அன்று இடது பக்க முன் சக்கரத்துப் பழம் உருண்டு உள்ளே ஓடிவிட்டது. தவழ்ந்து போய் எடுத்தபோதுதான் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் டயர், உள்பக்க ஓரத்தில் சிலேட்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. அந்த வழவழப்பைக் கிழித்துக்கொண்டு மெல்லிய கம்பிகள் முளைத்திருந்தன. காலை வெயிலில் அவை மினுமினுத்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓடிப்போய் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன்.

"ம்மா, நம்ம டயருக்கு வெள்ளி முடி மொளச்சிருக்குதும்மா."

அம்மா பட்டுப்புடவையோடு மண்ணில் படுத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளாமலே நைனாவிடம் போனாள். டயர் கடைக்காரரிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. நைனா தலையைச் சொறிந்துகொண்டு, கிருத்திகைக்காக வந்திருந்த அத்தையைப் பார்த்தார்.

அடுத்த கிருத்திகைக்குத் தம்பிக்கு மலையில் மொட்டை போடுவதாக இருந்தது. மூன்று வருஷமாகக் கத்திரி படாத அவன் முடி இடுப்பு வரை தொங்கியது. தெருவில் புதிதாகப் பார்க்கிறவர்கள் அவனைப் பெண்பிள்ளை என்றே நினைத்தார்கள். அத்தை அந்தச் சடையைத் தூக்கிக் காட்டினாள். "நேந்துகினு விட்ட முடியில கத்தி படலாமா? இதுவும் அப்பிடித்தான். சாமி இழுத்துகினு போற வண்டி. மொட்டை முடியற வரைக்கும் எவனும் அதுல ஸ்பேனர் வெக்கக்கூடாது."

"அது வரைக்கும் தாங்குமா அண்ணி?"

"சாமி காரியத்துல வாய வெக்காதம்மா."

அவ்வளவுதான். அம்மா நேராகக் காருக்கு வந்தாள். முன் கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீ பின்னாடி போ. நைனாவுக்கு நேர் பின்னாடி உக்காரு. தம்பிய மடியில வெச்சிக்கோ" என்றாள். அத்தையை இடது ஓரத்தில் உட்காரச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. எங்களை ஒட்டி நடுவில் உட்காரச் சொன்னாள். நான் மலை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். நல்ல சேதி சொன்னவளுக்கு இதுதான் கூலியா?

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க ஒரு நாள்கூட எனக்கு முன் சீட்டு கிடைக்கவில்லை. நைனா உரம் வாங்கப் போனாலும் சரி, என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாலும் சரி, அடுப்பை அணைத்துவிட்டு அம்மா வந்துவிடுவாள். அந்தச் சீட்டில் முதுகு சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள். "மெதுவா போங்க, மெதுவா" என்பதுதான் அவள் பேச்செல்லாம். மாட்டு வண்டிகூட எங்களைத் தாண்டிப் போனது. கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் கேலி செய்தார்கள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளை, "இன்னா கார்க்காரம்மா, சீட்டு சூடு ஆறிடப் போவுது, சீக்கிரம் போ" என்று சீண்டியபோது நானும் சேர்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மொட்டைக்குக் கிளம்பிய காலையில் பஸ்ஸில் போகலாம் என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நைனாவின் முகம் வாடிவிட்டது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, கல்யாண மாப்பிள்ளை போலக் கார் வாசலில் நின்றது. அதை விட்டுவிட்டுப் பஸ்ஸா?

அன்றைக்கும் பனி. கற்பூர வாசனையும் மல்லிகை வாசனையும் சேர்ந்து காருக்குள் சுற்றின. மடியில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கும் கண் சொக்கியது. மலை தெரிந்ததும் அத்தை முருகா என்றாள். நைனா ஸ்டியரிங்கை விட்டுக் கைகளைக் கூப்பினார். டப்பென்று ஒரு சத்தம். தூக்கத்தில் தலை சாய்வது போலக் கார் இடது பக்கம் சாய்ந்தது. அவசரமே இல்லாமல் சாலையை விட்டு இறங்கியது. புல்லும் செடியும் ஜன்னலில் உரசின. ஒரு புளியமரம் பனியிலிருந்து வெளியே வந்து, பெரிதாகி, அம்மாவின் கதவில் முட்டி நின்றது.

பின்னால் இருந்த எங்கள் மூவருக்கும் ஒரு கீறல் இல்லை. நைனாவுக்கும் இல்லை. தம்பி விழித்துப் பார்த்துச் சிரித்தான். கதவு உள்ளே மடங்கி, அம்மாவின் இடது கை அதில் சிக்கியிருந்தது. அவள் அலறவில்லை. வலது கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டாள். பிறகு தம்பியின் காலைத் தொட்டாள். நைனா கூப்பிய கையைப் பிரிக்கவும் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு, பதினைந்து நாள் கழித்து, கதவை நிமிர்த்தி வாங்கிய பிறகு திருத்தணி டயர் கடைக்குப் போனோம். அம்மாவும் வந்தாள், கழுத்தில் தூளி கட்டிய கையோடு. கடைக்காரர் பழைய டயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு நைனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அலைன்மெண்ட் சுத்தமா அவுட்டு. முன்சக்கரம் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் பாத்துகினு ஓடியிருக்குது. உள்பக்கமே தேஞ்சி கம்பி வந்துட்டுது. இது வெடிக்காம இன்னா பண்ணும்? வேகமா போயிருந்தா நீங்க யாரும் இங்க நின்னுகினு இருக்க மாட்டீங்க."

சக்கரங்களை நேராக்கி, டயரும் மாற்றியாயிற்று. நைனா கடைக்காரரோடு போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கார் நேராகப் போகிறது என்று சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் துக்கம் இருந்தது.

அம்மா கடைக்காரரிடம் கேட்டாள். "இனிமே அந்தப் பக்கம் இழுக்காது இல்ல?"

"ஆங், இழுக்காதும்மா."

"நெஜமாத்தான சொல்றீங்க?"

"நீங்களே உக்காந்து பாருங்க."

அம்மா உட்காரவில்லை. நல்ல கையால் முன் கதவைத் திறந்து, "ஏறு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் ஏறினேன். வழியெல்லாம் ஒருமுறைகூடத் திரும்பி அவளைப் பார்க்கவில்லை. அடுத்தவர் இடத்தைப் பிடுங்கினால் இப்படித்தான் ஆகும், கை உடைந்த பிறகாவது அம்மாவுக்குப் புத்தி வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.