ஒரே எஞ்சினில் இரண்டு கட்சி

மகளோடு ரயில் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். டீசல் எஞ்சின்களைத் தாண்டிக் கடைசியில் ஒரு மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் நின்றது. நான் கரி அள்ளிப்போட்ட அதே வகை. கறுப்புச் சாயம் பளபளத்தது. அடுப்பு வாய்க்குள் யாரோ ஐஸ்கிரீம் கப்பைப் போட்டிருந்தார்கள்.

"அப்பா, டிரைவரும் நீங்களும் ஒரு குடும்பம்போல இருந்திருப்பிய, இல்லியா?"

"நல்ல குடும்பம். முகம் பாத்துப் பேசினதில்ல" என்றேன்.

ஐம்பதுகளில், எல்லைப் போராட்டக் காலத்தில் நான் திருவனந்தபுரம் எஞ்சின் ஷெட்டில் ஃபயர்மேன். வீடு பாறசாலையில். என் டிரைவர் நெய்யாற்றின்கரை மலையாளி. என்னைப்போலவே தமிழ் பேசுவார், "மக்கா" என்றுதான் கூப்பிடுவார். மலையாள நாட்டில் இருந்த எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலங்கள் தொடங்கின. நான் போன ஊர்வலத்தை உதியன்குளங்கரையில் அவருடைய மைத்துனர் பார்த்துவிட்டார். மறுநாள் முதல் நான் "பாண்டி", தமிழனை இளக்காரமாகச் சொல்லும் சொல். அவர் வாயிலிருந்து தமிழ் அடியோடு போய்விட்டது. நானும் மலையாளம் தெரியாதவன்போல நின்றேன். அவர் தண்ணீருக்கு "வெள்ளம்" என்பார், நான் "எந்த ஆத்துல?" என்பேன்.

மார்த்தாண்டம் பக்கம் ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் எங்கள் ஆட்கள் செத்த செய்தி வந்தபோது, பாதையைப் பார்த்தபடியே, "நந்நாயி" என்றார். நல்லதாயிற்றாம். கையிலிருந்த கரி அள்ளும் ஷவலை அவர் தலையில் போட்டிருப்பேன். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் கரியை அடுப்பில் போட்டேன்.

ஒருநாள் வர்க்கலை தாண்டியதும், பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் என் முகத்தருகே வெடித்தது. கொதிக்கும் ஆவியில் ஒன்றும் தெரியவில்லை. அவர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஆவிக்குள் கைவிட்டுக் குழாயின் வால்வுகளை அடைத்தார். மணிக்கட்டுத் தோல் வழன்றுவிட்டது. புண்ணில் தடவ நான் எண்ணெயோடு போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"தொடண்டா. எஞ்சினு வேண்டியாணு. நினக்கு வேண்டியல்ல." தொட வேண்டாம், செய்தது எஞ்சினுக்காக, எனக்காக இல்லையாம்.

"எனக்குண்ணு நானும் நெனைக்கல்ல" என்று எண்ணெயைக் கீழே வைத்தேன். கொல்லம் வரை அவர் ஒற்றைக் கையால் ஓட்டினார். அவர் உதவி கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை.

மாநிலப் பிரிவினை வந்தது. பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, பாறசாலை கேரளத்திலேயே நின்றது. அன்று ஷெட்டில் எல்லோர் முன்னாலும் தமிழில் பேசினார்.

"எலே, இனி நீ எங்களுக்க ஆளாக்கும்."

"உமக்க கூட இனி நான் வண்டியில கேற மாட்டேன்" என்றேன்.

மதுரைக்கு மாற்றல் வாங்கினேன். வீட்டை அண்ணனிடம் விட்டேன். பல வருடம் கழித்து, ஊருக்கு வந்திருந்தபோது, அவர் இறந்த செய்தி சொன்னார்கள். திருவனந்தபுரம் போகிற பஸ் அவர் வீட்டு முன்னால்தான் போகும். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. நான் இறங்கவில்லை. இறங்கியிருக்கலாம் என்று இன்றும் தோன்றவில்லை.