கார்க்கில் போட்ட கோடு

எங்கள் பேண்டின் இரண்டாவது ஆல்பத்தை அஸ்தினாபுரத்தில், டிரம்ஸ் வாசிப்பவன் வீட்டு மாடியில் பத்து நாளில் பதிவு செய்து முடித்தோம். அதில் ஒன்பது நாள் நான் பயந்துகொண்டேதான் வாசித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான் வாசிப்பது சாக்ஸபோன். நாற்பத்தாறு வயது. வார நாட்களில் தாம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து மாணவர்களை விரட்டிக்கொண்டிருப்பேன். வார இறுதியில் டிரம்ஸ், பேஸ் கிடார், கிடார், கீபோர்டு, என் சாக்ஸபோன் என எங்கள் ஐந்து பேரின் ஆசிட் ஜாஸ், ஃபங்க் பேண்ட். பெயரைக் கேட்டதும் என் பெரியப்பா மகன், "ஆசிட்டா? உனக்கெதுக்கும்மா இந்த வம்பு" என்றார். காலை ஆட்ட வைக்கிற தாளத்தின் மேல் ஜாஸ் வாசிப்பது, அவ்வளவுதான் என்று விளக்கிய பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை.

எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். முதல் ஆல்பத்தின்போது பேஸ் கிடார்காரர் ட்யூனர் கருவியை நம்பி ஸ்ருதி சேர்த்தார். அதில் யாரோ பட்டனைத் தட்டி அளவை மாற்றியிருந்தது அவருக்குத் தெரியாது. மூன்று பாட்டு வீணாகப் போனது. நான் அந்தக் கருவியைப் பிடுங்கி மொட்டை மாடியிலிருந்து வீசினேன். அது பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. அன்றோடு ட்யூனருக்குத் தடை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நான் ஒரு ஸ்வரம் ஊதுவேன், மற்றவர்கள் அதற்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கீபோர்டில்கூட அளவைத் திருகி என்னோடு சேர்க்க வேண்டும். யாராவது முணுமுணுத்தால், "என் காது பொய் சொல்லாது" என்பேன்.

டிரம்ஸ்காரன் இந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, வீட்டுக்கு மாடி வந்தது. அவன் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இயந்திரங்களைப் பழுது பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் மூடுவார்கள். அந்தப் பத்து நாள்தான் எங்களுக்குக் கிடைத்தது. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்தோம். தலைக்கு மேல் பயிற்சி விமானம் போனால் நிறுத்துவோம். போனதும் தொடங்குவோம்.

முதல் நாள் நன்றாகப் போனது. இரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது இடது காது இல்லை.

வலி கிடையாது. வலது பக்கமாகப் படுத்திருந்ததால், ஃபேன் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஓடிக்கொண்டிருந்தது. இடது காதருகே விரல்களைத் தேய்த்தேன், ஒன்றுமில்லை. போனை வைத்துப் பார்த்தேன், மறுமுனையில் யாரோ டின்னுக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. அதற்கும் மேலே ஒரு மெல்லிய ரீங்காரம், நிற்காமல். ஜலதோஷம், நீர் கோத்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆவி பிடித்தேன்.

மாடியில் என்னைப் பார்த்ததும் டிரம்ஸ்காரன் கேட்டான். "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ஜலதோஷம்டா."

"ஒரு நாள் லீவு வுட்ரலாமா?"

"உன் கம்பெனிக்காரன் உனக்காக இன்னொரு தடவை மூடுவானா? போய் உட்காரு."

அவன் உட்கார்ந்தான். நான் சொன்னால் உட்காருவார்கள்.

சாக்ஸபோனின் கழுத்தில் கார்க் சுற்றியிருக்கும். அதில்தான் வாய் வைத்து ஊதுகிற மௌத்பீஸைச் செருகுவோம். உள்ளே தள்ளினால் ஸ்ருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். எனக்குச் சரியான இடத்தில் பல வருஷத்துக்கு முன்பே பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். மௌத்பீஸ் அந்தக் கோட்டைத் தொட்டு நின்றால் போதும்.

பதிவின்போது ஹெட்ஃபோனை இடது காதில் மட்டும் வைத்து மற்றவர்களைக் கேட்பேன். வலது காதைத் திறந்துவிட்டு என் சத்தத்தைக் கேட்பேன். எத்தனையோ வருஷப் பழக்கம். அன்று மாற்றி வைத்திருக்கலாம். ஏன் மாற்றினாய் என்று கேட்பார்களே என்று பயந்தேன். அதைவிட, மிச்சமிருந்த நல்ல காதை என் சத்தத்துக்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். இடது பக்கம் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். மற்றவர்கள் ஸ்ருதியில் என்னைவிடக் கொஞ்சம் மேலே வாசிப்பதுபோல் கேட்டது.

வேறு நாளாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அன்று எனக்கு என் மேலேயே சந்தேகம். நான்தான் இறங்கிவிட்டேன்போல என்று யாரும் பார்க்காதபோது மௌத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். அடுத்த பாட்டுக்கு அதே நிலையில் ஸ்வரம் ஊதினேன். அவர்களும் விதிப்படி அதற்குச் சேர்த்துக்கொண்டார்கள். வாசிக்க ஆரம்பித்ததும் மறுபடி அவர்கள் மேலே இருப்பதுபோல் கேட்டது. மறுபடி தள்ளினேன்.

இப்படியே நாட்கள் போயின. ஐந்தாம் நாள் விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் நிறுத்தினார்கள். அது எந்தப் பக்கம் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மற்ற நால்வரும் எதிர் ஜன்னலைப் பார்த்தார்கள். கீபோர்டுக்காரி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பள்ளி ஆசிரியை, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், அதிர்ந்து பேசாதவள். நான் முறைத்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சாலையைக் கடக்கும்போது இடது பக்கம் வந்த பஸ்ஸை நான் கேட்கவே இல்லை. யாரோ என் பையைப் பிடித்து இழுத்தார்.

ஏழாம் நாள் கவனித்தேன், பேனாக்கோடு மௌத்பீஸுக்குள் மறைந்திருந்தது. பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தேன். இன்னும் மூன்று நாள்தானே, முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று நினைத்தேன். உண்மையில் டாக்டர் என்ன சொல்வாரோ என்ற நடுக்கம். காது இல்லாத சாக்ஸபோன்காரியை எந்த பேண்ட் வைத்துக்கொள்ளும்?

பத்தாம் நாள் கடைசிப் பாட்டு முடிந்தது. எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். சின்னக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது பக்கத்துக்கு வந்தபோது நான் பட்டனைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்த பெண் அழுத்தச் சொல்லிக் கையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

"ஒன்பது நாளா."

"முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்திருக்கணும்மா. இது சளி இல்ல, உள்காது நரம்பு. அதுல கேக்குற கொஞ்சநஞ்சமும் ஸ்ருதி மாறித்தான் கேக்கும். மாத்திரை தர்றேன், ஊசியும் போட்டுப் பார்க்கலாம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். அதிக சத்தத்துல இருக்கக் கூடாது. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

கல்லூரி அலுவலகம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் கீபோர்டுக்காரி வீட்டுக்கு வந்தாள். கையில் அவளுடைய ஸ்வர நோட்டு. பதிவை வரிசை மாற்றிக் கேட்டபோது கடைசிப் பாட்டை அடுத்து முதல் பாட்டு சட்டென்று கீழே விழுவதுபோல் இருந்ததாக டிரம்ஸ்காரன் சொன்னானாம். நோட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு நாளும் என்னோடு சேர்க்கக் கீபோர்டில் எந்த எண்ணுக்குத் திருகினாள் என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். எண் கூடக் கூட ஸ்ருதி ஏறும். முதல் நாள் எல்லோரும் வைக்கிற நானூற்று நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. கடைசி நாள் நானூற்று நாற்பத்தேழு.

"உங்களுக்குக் காதுல ஏதோ ஆச்சுன்னு மூணாம் நாளே நினைச்சேன்க்கா. அஞ்சாம் நாள் உறுதியாயிடுச்சு."

"ஏன் சொல்லல?" என்று கத்தினேன். அந்தக் கத்தல் எனக்கே ஒரு பக்கமாகத்தான் கேட்டது.

அவள் நோட்டை மூடினாள். கண் கலங்கியிருந்தது. "உங்களைப் பார்த்தா பயமாத்தான் இருக்கும்க்கா. எங்க எல்லாருக்குமே" என்றாள்.

மூன்றாம் நாள். காது போன மறுநாள், டாக்டர் சொன்ன கெடுவுக்குள். அவள் மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. அழுதேன். அவள் எழுந்து வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கம்ப்யூட்டரில் எல்லாப் பாட்டையும் ஒரே ஸ்ருதிக்கு இறக்கிவிடலாம் என்று டிரம்ஸ்காரன் சொன்னான். வேண்டாம் என்றேன். பதிவு செய்த வரிசையில் அப்படியே வெளியிட்டோம். கேட்ட சிலர், போகப் போகச் சூடு பிடிக்கிறது, முதல் ஆல்பத்தைவிடப் பிரமாதம் என்று எழுதினார்கள். நான் அதை முழுசாக ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.

காது திரும்பவில்லை. நான்கு மாதம் கழித்து டாக்டர் வலது காதைக் காக்க அடைப்பான் கொடுத்து, குறைந்த சத்தத்தில் வாசிக்கலாம் என்றார். மறுபடி அதே மாடி. டிரம்ஸ்காரன் சத்தம் குறைய டிரம்ஸின் பித்தளைத் தட்டுகள் மேல் துணி போர்த்தியிருந்தான். நான் கோட்டைப் பார்க்காமல் மௌத்பீஸைச் செருகி ஸ்வரம் ஊதினேன். பழக்கம் விடாமல் மற்றவர்கள் கருவியைத் திருகப் போனார்கள்.

"இருங்க. சரியா இருக்கா, சொல்லுங்க" என்றேன்.

பேஸ் கிடார்காரர் தரையைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. கூண்டுக்குள் பட்டனைப் பிடித்துக்கொண்டு இருந்தேனே, அதே படபடப்பு. அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசியில் டிரம்ஸ்காரன்தான் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "கொஞ்சம் மேல கீதுக்கா."

மௌத்பீஸை வெளியே இழுத்தேன். கோடு தெரிந்தது. மறுபடி ஊதிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.